ரீகாவுக்குப் போன நாற்பத்தொரு கார்டு

அன்புள்ள குல்சாத்,

ஆடுகளும் குதிரையும் சுகமா, அம்மா சுகமா, நீ சுகமா? இங்கே எண்ணெய்க் கிணற்றடியில் கடுங்குளிர் என்றாலும் நான் நலம்.

தபால் செஸ் போட்டியில் ரீகா நகரத்து மாஸ்டர் வால்டிஸோடு டிரா செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்றாம் தர ஆட்டக்காரிக்கு ஒரு மாஸ்டர் எதற்காக டிரா கொடுக்க வேண்டும்? காய் நகர்த்தலை எழுதி அனுப்பும் கார்டின் ஓரத்தில் நலம் வேறு விசாரிக்கிறாராமே.

நீ அனுப்பிய ஆட்டத்தை அறைத்தோழன் ரிஃப்காத்திடம் காட்டினேன். ஞாயிறு முழுக்கக் காய்களை நகர்த்திப் பார்த்தான்.

"அவன் எங்கடா கொடுத்தான்? உன் பொண்டாட்டி ராணிய வெச்சு விடாம செக் கொடுக்குறா. ராஜா எங்க போனாலும் துரத்துறா. வேற வழியில்லாமதான் ஒத்துக்கிட்டான்," என்றான்.

சந்தேகம் தீர்ந்தது. வயிற்றெரிச்சல் தீரவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவருக்கு நாற்பத்தொரு கார்டு போட்டிருக்கிறாய். எனக்கு வந்தது ஒன்பது கடிதம், அதிலும் பாதி அவரைப் பற்றி.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், கொஞ்சம் உலர்ந்த தயிர் உருண்டையும் அனுப்பு. உருண்டை உன் கையால் பிடித்ததாக இருக்கட்டும்.

தபால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நிஜக் குதிரையைத் தவிர வேறு குதிரை ஓட்டத் தெரியாத எனக்கு ரிஃப்காத் ஆட்டம் சொல்லித் தருகிறான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருக்கிறேன். விதிப்படி மூன்று நாளுக்குள் நீ பதில் நகர்த்தல் போட வேண்டும். டிரா கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன்,
மெதெர்