மந்திரித்த சக்கரங்கள்

அண்ணா,

என் பென்சில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ரப்பர் வாசனை அடிக்கிறது. அழிக்கிற ரப்பரின் வாசனை இல்லை. மண்ணையே தொடாத புது டயரின் வாசனை. பக்கத்தில் உட்காரும் பெண் இன்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னடி இது, பெட்டிக்குள்ள மோட்டார் ஷெட் வச்சிருக்கியா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று மூடிவிட்டேன். அதன் பிறகு சரித்திரப் பாடம் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. நேற்று மாதா திருநாள். வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லி முடிக்கும்வரை வேறு எதையும் என்னால் படிக்க முடியாது போலிருக்கிறது.

உன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு ஜோடிச் சக்கரங்கள் இருந்தன. ஊருக்குள் ஓட்டுவதற்கு ஒரு ஜோடி. அதில் நீளவாக்கில் கோடு ஓடுகிற டயர். அதை நாம் வரி டயர் என்போம். சேற்றுக்கு இன்னொரு ஜோடி. பலாப்பழத்தின் முள்ளைச் சதுரமாக வெட்டி வரிசையாக ஒட்டியதுபோல இருக்கும் அந்த டயர். அது பல் டயர். உன்னுடையதைப் போலவே வண்டி வைத்திருந்த குடகுத் தோட்டத்துத் துரை ஒருவர், சீமைக்குக் கப்பலேறுமுன் அடுகோடியில் இஸ்மாயில் பாயின் மோட்டார் ஷெட்டில் விட்டுப்போன ஜோடி அது.

அது உனக்கு ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஈஜிபுரா ஏரிக்கரையில் வரி டயரோடு நீ பழகிப் பார்த்த மாலை நான் அங்கே கல்மேல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. நீ திரும்பியதும் பின் சக்கரம் மட்டும் தனக்கு வேறு வேலை இருப்பதைப் போல ஒரு பக்கமாகப் போயிற்று. முழங்கையில் ரத்தம் வடிய எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சோப்புக்கட்டி மேல ஓட்டுன மாதிரி இருக்கு, டீச்சரம்மா." நான் போய்ப் பார்த்தேன். செம்மண் டயரின் கோடுகளுக்குள் நிறைந்து காய்ந்து, டயரே பூரிக்கட்டைபோல வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் பாயின் ஷெட்டில் துரையின் சக்கரங்களுக்குப் புது டயர் ஏற்றினாய். டயரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் உரக்கப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நீ குந்தி உட்கார்ந்து கம்பியால் நெம்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு. ட்யூபுக்குத் தூவப் பவுடர் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் வீட்டுக்கு ஓடி அம்மாவின் முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தேன். இஸ்மாயில் பாய் முகர்ந்து பார்த்துவிட்டு, "அரே, கல்யாணத்துக்குப் போற ட்யூபா இது!" என்றார். சேற்றில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் படித்தேன். எவ்வளவு குறைவு என்று நீயும் பாயும் சண்டை போட்டீர்கள். டயரின் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மெல்லிய ரப்பர் மயிர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பூனை மீசை மாதிரி இருக்கிறது என்றேன். "ஹெப்பகோடிச் சேத்துல ஒரு சுத்து வந்தா எல்லாம் போயிடும்" என்றாய்.

ஹெப்பகோடியில்தான் பந்தயம். ஏரிக்கரை, வரப்பு, ஓடை என்று மண்ணிலேயே ஓடும் பந்தயம். துரைமார் கிளப்பின் பந்தயத்தில் நம் தெருப் பையன் ஒருவன் ஓட்டுவது அதுவே முதல் தடவை. தார் ரோட்டில் பல் தேய்ந்துவிடும் என்பதால் வீட்டிலிருந்து வரி டயரில் போய், அடுகோடியில் சக்கரம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் மாதா திருநாள் வந்தது.

திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஜட்கா, மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் வரிசையாக நிற்குமே, அதில் உன் வண்டியையும் கழுவிப் பூச்சுற்றி நிறுத்தினாய். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். உன்னிடம் வந்ததும் நீ சும்மா இருந்திருக்கலாம். "சாமி, சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு தெளிப்பு சேத்துப் போடுங்க" என்றாய். அவரும் சிரித்துக்கொண்டு குனிந்து இரண்டு சக்கரத்திலும் நன்றாகத் தெளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டாள்.

மறுநாள் சோறு போடும்போது, அடுகோடியில் சக்கரம் மாற்றப்போவது அவளுக்குத் தெரிந்தது. நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேனோ, நீயே சொன்னாயோ, நினைவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மந்திரிச்ச சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு, எவனோ துரை விட்டுப்போன சக்கரத்துல போவியா?"

"சாமியார் தெளிச்சது வண்டிக்கும்மா. சக்கரத்துக்குத் தனியா ஒரு மந்திரமா?"

"தரையில படுறது எது? சக்கரம்தானே? நீதானேடா வாயத் தொறந்து கேட்டு வாங்குன?"

அம்மா உன்னை எழுப்பி மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, கழற்ற மாட்டேன் என்று சொல்ல வைத்தாள். படத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினாய். அந்தக் கண் சிமிட்டலை நான் நம்பினேன் அண்ணா. எப்படியும் மாற்றிக்கொள்வாய் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பந்தயத்தன்று விடியும்போதே மழை. வானம் கழுவாத சட்டியைக் கவிழ்த்ததுபோல இருந்தது. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டாள். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, "புஸ்தகத்துல மழைக்கு என்ன போட்டிருக்கு, டீச்சரம்மா?" என்று கேட்டாய். "வரியில் சேறு அடைத்துக்கொண்டால் பிடிப்பு இருக்காது" என்று சொன்னேன். நீ தலையாட்டினாய். சிரிக்கவில்லை. தெரு முனையில் திரும்பும்போது பின் சக்கரம் லேசாக வழுக்கியது. அம்மா அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி சறுக்கி, மதகுக் கல்லில் நீ விழுந்தாய் என்று மத்தியானம் வந்து சொன்னார்கள்.

வண்டி வாசலுக்கு வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இஸ்மாயில் பாயே அதைத் தம் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொன்னாள்: "மாதா மேல கை வச்சு சொன்னான். அடுகோடி போனதும் கழட்டிட்டான். மந்திரிச்ச சக்கரம் இருந்திருந்தா விழுவானா?" அழுகையைவிட அந்தக் கோபம்தான் அவளை நிற்க வைத்தது. நானும் அதை நம்பினேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பல் டயர் ஏன் சறுக்கியது?

மாம்பழக் காலத்தில் ஒரு நாள் பாய் ஜட்காவில் வந்தார். இரண்டு சக்கரங்களைச் சேர்த்துக் கோணியில் சுற்றிச் சணலால் தைத்திருந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, "அம்மா, தம்பியோட சக்கரம். ஷெட்டுலயே இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அம்மா வெடித்துவிட்டாள்.

"கழட்டிப் போட்டுட்டுப் போனத இப்பக் கொண்டாறீங்களா பாய்? அன்னிக்கு நீங்களாவது சொல்லக் கூடாதா?"

பாய் வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். கோணியைப் பிரிக்கவும் அம்மா விடவில்லை. அப்படியே மாதா படத்துக்குக் கீழே சாத்தி வைக்கச் சொன்னாள். நான்தான் உருட்டிக்கொண்டு போனேன். கோணிக்கு மேலேயே என் விரல்களுக்குத் தெரிந்தது, சதுரம் சதுரமாக. தையல் விட்ட இடத்தில் விரலை நுழைத்தேன். பூனை மீசைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்று என் விரலோடு பிய்ந்து வந்தது.

ஜட்கா வரைக்கும் ஓடினேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கழட்டு கழட்டுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் மகளே. ஸ்பேனர்கூட கையில எடுத்துட்டான். அப்புறம் வச்சுட்டான். 'வேணாம் பாய், அம்மா கேட்டா பொய் சொல்ல வராது'ன்னான்."

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் எப்படி வீட்டுக்குள் திரும்பி வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னால் உன் மேல் இருக்கிற பழி போகும். அது போய் உட்காரும் இடமும் எனக்குத் தெரியும். அம்மா தினமும் சாயங்காலம் அந்தக் கோணிக்கு முன்னால் ஜெபமாலை சொன்னாள். முடிந்ததும் கோணியைப் பார்த்து, "ஏண்டா கழட்டுன?" என்று கேட்பாள். பதில் வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் அடுத்த அறையில் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் கொடியேற்றத்தன்று அம்மா சொன்னாள்: "திருநாளன்னிக்கு இதப் பிரிச்சுத் தொடச்சு, கோயில்ல கொண்டுபோய் வைக்கப்போறேன்."

பிரித்தால் பல் தெரியும். பல் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

அம்மா நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் அடுகோடிக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் மூலையில் படுதா மூடியிருந்த உன் வண்டியை இழுத்து, முன் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். "புஸ்தகம் படிக்கிற பொண்ணு. இது சரியான்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வரி டயர்களைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க, நான் ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் அதே நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோணியைப் பிரித்து மாற்றி, பழைய துளைகளிலேயே சணலைக் கோத்துத் தைத்தேன். உன்னைக் கொன்ற சக்கரங்களை மாதா படத்துக்குக் கீழே என் கையாலேயே சாத்தி வைத்தேன், அண்ணா.

நேற்றுக் காலை பூசைக்கு முன் அம்மா கோணியைப் பிரித்தாள். வரி டயர். அவள் எதிர்பார்த்ததுதான். நெற்றியை அதன் மேல் வைத்து அழுதாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். முந்தானையால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துக்கொண்டே வந்தவள், நடுவில் அச்சுக் குடத்தருகே நின்றாள். கம்பிகள் சேரும் இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். செம்மண் கட்டி ஒன்று உதிர்ந்தது. அதற்குள் ஒரு கோரைப்புல் துண்டு, ஏரிக்கரையில் முளைக்குமே அந்தப் புல்.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுகோடியிலயும் அன்னிக்கு மழதானே?"

"ஆமாம்மா."

"அங்கயும் கோர மொளைக்குமா?"

நான் குனிந்து கோணியை மடிக்க ஆரம்பித்தேன். அவள் மண்ணை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். சக்கரங்களைக் கோயிலுக்கு எடுத்துப்போகவில்லை. சாயங்காலம் ஜெபமாலை சொன்னாள். முடிந்ததும் வழக்கமான அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போதும் அவள் விரல்கள் அந்த முடிச்சை உருட்டிக்கொண்டே இருக்கின்றன.

பல் டயர்கள் பாயின் ஷெட்டில் இருக்கின்றன. யாராவது கேட்டால் என்ன செய்யட்டும் என்றார். சேற்றில் ஓட்டுகிறவனுக்குக் கொடுங்கள், அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.

பிய்ந்து வந்த அந்த ஒற்றை ரப்பர் மயிர் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய் என்பதற்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அம்மாவிடம் இருப்பது அந்த மண்.