விடுவிடுவென்று வந்த தண்ணீர்

மருதமலை முருகன் துணை

கருமத்தம்பட்டி
16.5.1996

அன்புள்ள மாமாவுக்குக் கனகம் எழுதுவது.

எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், கை வரவில்லை. பாப்பா லோகுவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகி, சோமனூரில் குளுக்கோஸ் ஏற்றி, நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இப்போது கஞ்சி குடிக்கிறாள். பயப்பட வேண்டாம் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, மூச்சு வருகிறதா என்று நான்தான் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீங்கள் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசமெல்லாம் சுற்றி ஊரான் காட்டுக்கு போர்வெல் போட்டுத் தண்ணீர் காட்டுகிறீர்கள். இங்கே உங்கள் மகளுக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், அதை அடித்துத் திருத்த மனமில்லை.

ஊர்ச் சேவைக்கு வந்த கல்லூரிக்காரர்கள் நம் லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு வாளி பில்டர் கொடுத்தார்கள். வாளிமேல் வாளி, மேல் வாளிக்குள் தண்ணீரை வடிகட்ட வெள்ளையாக ஒரு மண் கேண்டில். எவர்சில்வர் பில்டரெல்லாம் நமக்கு எட்டுமா? இது ஒரு கையால் தூக்கிப் போகிற சாமான், முறை வைத்து வீடு வீடாகப் போகிறது. கேண்டிலைப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத்தான் தேய்க்க வேண்டும், கீறல் விழுந்தால் தண்ணீர் வடியாமல் அழுக்கோடு அப்படியே இறங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அத்தை பொள்ளாச்சி போயிருந்தார்கள்.

லைனுக்கு அப்பால் தனி வளவில் குடியிருக்கிற, தறிக்குடோன் கூட்டுகிற ராசம்மாளுக்கும் முறை உண்டு என்று கல்லூரிக்காரர்கள் கறாராகச் சொன்னதால் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டிலிருந்துதான் நம் முறைக்கு வந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது, அத்தை வாசலிலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்து, கேண்டிலைப் புளியும் செங்கல் தூளும் போட்டுப் பித்தளைக் குடம் மாதிரி விளக்கி முடித்திருந்தார்கள். கேட்டதற்கு, "அந்த வளவுல இருந்து வந்ததை அப்படியே ஊட்டுக்குள்ள வெப்பியா அம்மணி?" என்றார்கள்.

அப்புறம் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முன்பு சொட்டுச் சொட்டாக விழும், இப்போது விடுவிடுவென்று வாளி நிறைந்தது. "சுத்தம் பண்ணுனதும் எப்படி வருது பாத்தியா" என்று அத்தைக்கு ஒரே பெருமை. லைன்காரர்களும் வந்து பார்த்து மெச்சினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் மாமா. அதைத்தான் பாப்பா குடித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் லைன் முழுக்க ஒரே பேச்சு. ராசம்மாள் வீட்டுக்குப் போய் வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனதாம், இனி அவளுக்கு முறை கிடையாதாம். "நான் தொட்டதுல என்னங்க வந்துருச்சு?" என்று கேட்டு அவள் அழுதுவிட்டுப் போனாள். அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு மனசு கேட்காமல் நேற்று மாலை கேண்டிலைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் நகம் நுழைகிற அளவுக்குக் கீறல். அத்தையிடம் காட்டினேன். அவர்கள் கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிப்போடாத கண்ணு, பேத்தியக் கொல்லப் பாத்தவன்னு ஊரு பேசும்" என்றார்கள். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதும் அவர்கள்தான் மாமா.

பிள்ளைக்கு இப்படி ஆனதைக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்காரர்கள் புதுக் கேண்டில் கொண்டு வருகிறார்கள். ராசம்மாள் முறையை நிறுத்தச் சொல்லி லைன்காரர்கள் அன்றைக்குக் கேட்கப் போகிறார்கள். நான் எல்லோர் முன்னாலும் கீறலைக் காட்டிவிடுவேன். உங்களிடம் உத்தரவு கேட்டு எழுதவில்லை, இது உங்கள் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். மருமகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அத்தையும் யாரையாவது பிடித்து உங்களுக்கு எழுதச் சொல்வார்கள். என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை அம்மா என்று. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். பாப்பா "அப்பத்தா, தூக்கு" என்று கையை நீட்டுகிறாள். நேற்றிலிருந்து அவர்கள் பிள்ளையைத் தொடவில்லை.

இப்படிக்கு,
கனகம்