ஓரகத்திக்கு எடுத்த ஸ்கேனை எனக்கும் எடுக்கக் கோரி

அனுப்புநர்:
க. பேச்சித்தாய்,
விசைத்தறித் தொழிலாளி,
சங்கரன்கோவில்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: தீராத வயிற்று வலி – கணையம் உட்பட முழு வயிற்று ஸ்கேன் எடுக்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரு வருடத்துக்கு மேலாக எனக்கு மேல்வயிற்றில் வலி. முதுகு வரை இழுக்கிறது. ஊர் வழக்கப்படி கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொன்னேன். அவர் வெளியூர்க்காரர். எனக்கு மண் தின்னும் பழக்கம் என்று முடிவுகட்டி, பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுபடி போனாலும் அதே பேச்சு, அதே மாத்திரை.

2. என் கொழுந்தன் மனைவி மீனலோசினி தறிக்கூடத்தில் வழுக்கி விழுந்தாள். விலாவில் அடி என்று ஸ்கேன் எடுத்ததில், கணையத்தில் ஒரு கட்டி தற்செயலாகத் தெரிந்தது. ஹார்மோன் எதுவும் சுரக்காத கட்டியாம். அதனால் உடம்பில் ஓர் அறிகுறியும் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. திருநெல்வேலியில் வாய்வழியாகக் குழாய் விட்டு, ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்றார்கள். அவளும் புற்றுமண் குடித்தவள்தான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

3. அன்று முதல் அவளுக்கு மாதுளம்பழமும் பகல் தூக்கமும். அவள் தறியும் என் தலையில். மாமியார் அவளுக்காக வெள்ளியில் வயிறு உரு வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "மண்ணத் தின்னா வலிக்கத்தான் செய்யும்" என்கிறார் என் கணவர்.

4. எனக்குப் பொறாமை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான், ஐயா. வலியே இல்லாதவளுக்கு அத்தனை பரிசோதனை. வலிக்கிறவளுக்குப் பூச்சி மாத்திரை. மீனலோசினி நன்றாக இருக்கட்டும். ஆனால் அவள் தன் ஸ்கேன் படத்தைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு மேல் வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. அந்த எரிச்சல் வேறு, இந்த வலி வேறு என்பதைத் தாங்கள் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆகவே எனக்கும் அந்த ஸ்கேனை எடுக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவைச் சொல்லும்போது என் கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். கட்டி இருந்தால் படத்தைக் காட்டினாலே போதும். ஒன்றுமில்லை என்று வந்தால், அப்போதும் இவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது என்பதை மருத்துவர் தம் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லி யாரும் நம்பவில்லை.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) க. பேச்சித்தாய்