இடது பக்கம் ஒரு கார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால் இன்னும் நிம்மதியாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியில் இப்போது என்னை முந்திக்கொண்டு ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது, பிளம்பர் வராமலே நின்றதால் எனக்கு அதுவும் ஒரு கவலையாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் பிறகு நீ போன் செய்யவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்ப்யூட்டரில் ஓட்டும் கார்தான், யாருக்கும் அடிபடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் அணி அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடம் என்னால் போயிற்று. உன் திரையில் முன்னால் இருப்பதுதான் தெரியும், பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று இங்கிருந்து என் கம்ப்யூட்டரில் பார்த்து ரேடியோவில் சொல்வது ஒன்றுதான் என் வேலை. அந்த நீல நிறக் கார் இடது பக்கம் நுழைந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரிதானா என்று இன்னொரு முறையும் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் எந்த முடிவையும் இரண்டாம் தடவை பார்க்காமல் வெளியே விட்டவன் இல்லை நான். அதன் பிறகே பொத்தானை அழுத்தி, "இடது பக்கமா ஒரு கார் வர்ற மாதிரி தெரியுதும்மா" என்றேன். "இருக்கா இல்லையாப்பா?" என்று கத்தினாய். "இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ சுவரில் மோதி நின்றாய்.

உங்கள் அணித் தலைவர், அந்தப் பல் டாக்டர், மறுநாள் பேசினார். "சார், நீங்க வானிலை அறிக்கை வாசிக்கிறீங்க, மழை வரலாம், வராமலும் போகலாம்" என்று சிரித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்துக் காரைத் தானாகவே பார்த்துச் சொல்லும் கணினிக் குரல் ஒன்று இருக்கிறதாம், அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்கப் போவதாகச் சொன்னார். நியாயமான யோசனைதான், அதற்குச் சந்தேகமே வராது. ஆனால் எப்போது போன் செய்தாலும் நீ "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். ரேடியோவில் மட்டும்தான் என்னை நம்பி ஒன்று கேட்கிறாய். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

உன் அம்மா சும்மா இருப்பாளா? "வாங்க, நான் காரா வர்றேன்" என்று என்னை நிலைக்கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, துடைப்பத்தோடு பின்னாலிருந்து பாய்ந்து வருகிறாள். அவள் எந்தப் பக்கம் என்று தோளில் அடி விழுவதற்குள் நான் சொல்ல வேண்டும். முதல் நாள் அத்தனை அடியும் வாங்கினேன். "நீங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் கடைக்கே போயிட்டு வந்துடுவேன்" என்றாள். பிறகு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா சொன்னா அவ சும்மா கொஞ்சம் ஒதுங்குவா, அவ்வளவுதானே? லேட்டா சொன்னாத்தான் மோதுவா" என்றாள். பரிசோதனைக் கூடத்தில் இதற்கு நேர் எதிராகத்தான் பழகியிருக்கிறேன், அதனால் இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் என் மண்டையில் ஏறவில்லை. நேற்று "இடது" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன், அவள் வலது பக்கம் வந்தாள். ஆனாலும் சீக்கிரம் சொன்னதற்குப் பாராட்டினாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீயாகக் கூப்பிடும்வரை பொத்தானைத் தொடமாட்டேன். கிளம்புவதற்கு முன்னால் "அப்பா, கேக்குதா?" என்பாயே, அதைக் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் அந்தக் கணினிக் குரல் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு சத்தமில்லாமல் உன் காரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதில் எனக்கு வருத்தம் என்று நீ நினைத்துக்கொள்ளாதே.

ஜெயித்தாலும் தோற்றாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுகிறாய், மறக்காமல் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்.

கேட்டுக்கொண்டிருக்கும்,
அப்பா