செலின் பெயரில் ஒரு சீட்

மாதா துணை
நெல்லித்தோப்பு, புதுச்சேரி
18 பிப்ரவரி 2024

ஜெர்லின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? லூர்துநாதன் அண்ணன் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசக்கூடிய விஷயமில்லை. போன் எப்போதும் உங்கள் மகள் கையில்தான், ஓட்டப்பந்தயம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

எட்டாவதுக்கு அவளை எங்கே சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருக்கிறேன். இப்போது படிக்கிற பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். மைதானத்தில் பாதி, கட்டடம் கட்டக் கொட்டிய ஜல்லி. இன்னொரு பள்ளியில் ஃபீஸைக் கேட்டதும் நானே எழுந்து வந்துவிட்டேன். சேதராப்பட்டு கம்பெனியில் இதற்கு மேல் பர்மிஷன் கேட்டால் சூப்பர்வைசர் என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவான்.

லாஸ்பேட்டை மைதானத்தில் அவளுக்குப் பயிற்சி தரும் தெய்வசிகாமணி மாஸ்டர் ஒரு வழி சொல்கிறார். கனகசெட்டிக்குளம் தாண்டி, தமிழ்நாட்டு பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி இருக்கிறது. சிவப்பு ரப்பர் டிராக், பால், முட்டை, தனி கோச், எல்லாம் இலவசம். ஆனால் பன்னிரண்டு வயது முடியாத பிள்ளைக்குத்தான். நம்மவளுக்குப் பதின்மூன்று.

மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஒங்க சின்னதோட பர்த் சர்டிபிகேட் வீட்லதான கெடக்கு? அந்தப் பேர்ல சேத்துடலாம். ஆதார் கீதார் எல்லாம் நான் பாத்துக்கறேன். ஊரெல்லாம் நடக்கறதுதான்மா.”

சின்னவள் செலின் செத்ததை நாம் எங்கும் பதியவில்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த மழையில் காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் பெட் இல்லை என்று நம்மை அனுப்பினார்களே. ஆட்டோவிலேயே என் மடியில் சில்லிட்டுப் போனாள். சாமியார் கோவில் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முனிசிபாலிட்டிக்கு நாம் போகவில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்க எனக்கும் மனம் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. சர்க்கார் கணக்கில் அவள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். போன மாதம் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த பெண், சின்னவள் எங்கே என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறாள் என்றேன்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

புஷ்பமேரி

தோஹா
10 மார்ச் 2024

அன்பு புஷ்பா,

ஊறுகாய் கசிந்து உன் கடிதத்தின் ஓரமெல்லாம் எண்ணெய். ரூம் நிறைய ஆட்கள் என்பதால் பாத்ரூமில் உட்கார்ந்துதான் படித்தேன்.

சேர்த்துவிடு. பணக்காரன் பிள்ளை பணத்தைக் கட்டி உள்ளே போகும். நம் பிள்ளை எதைக் கட்டுவது? செலினுக்கு ஒரு கட்டில் கொடுக்காத ஊர், அவள் பெயரில் ஒரு சீட்டாவது கொடுக்கட்டும். இதில் யாரை ஏமாற்றுகிறோம்? நம்மை ஏமாற்றியவர்களையா?

இங்கே கம்பெனி பாரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நான் இன்னும் இரண்டு என்றுதான் எழுதுகிறேன். கை தானாக எழுதிவிடுகிறது.

கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஜெர்லினிடம் சொல். அவள் புரிந்துகொள்வாள்.

தனிஸ்லாஸ்

மாதா துணை
நெல்லித்தோப்பு
25 ஆகஸ்ட் 2024

ஜெர்லின் அப்பாவுக்கு,

இன்று ஹாஸ்டலுக்குப் போய் வந்தேன். கேட்டில் வாய் தவறி ஜெர்லினைப் பார்க்க வேண்டும் என்றுவிட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் வாட்ச்மேன். அப்புறம் செலின் என்றேன். அந்தப் பெயரை இத்தனை வருஷத்தில் நான் சத்தமாகச் சொன்னதே இல்லை. அவர் மைக்கில் கூப்பிட்டார். தூரத்து டிராக்கிலிருந்து ஒரு பிள்ளை என்னைப் பார்த்து ஓடி வந்தது. பக்கத்தில் வந்து நிற்கும்வரை நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழாவது முடித்தவளை மறுபடி ஆறாவதில் உட்கார வைத்திருக்கிறார்கள். முட்டி பெஞ்சில் இடிக்கிறதாம். எல்லாப் போட்டியிலும் முதல். இரண்டாவதாக வருகிறது ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை, இவள் தோளுக்குத்தான் வரும். ஓடி முடித்ததும் வாந்தி எடுக்கிறது. “அதுக்கு நெஜமாவே பதினொரு வயசும்மா” என்றாள் நம்மவள். மெடலை என்னிடம் கொடுக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. யாரை ஏமாற்றுகிறோம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பிள்ளையை.

கணக்கெடுக்கும் பெண் நேற்றும் வந்தாள். செலினைப் பற்றிக் கேட்கவில்லை. ஹாஸ்டல் என்று அவளிடமே பதிவு இருக்கிறது. பெரியவள் ஜெர்லின் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள், எங்கே அவள் என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறாள் என்றேன்.

புஷ்பமேரி

தோஹா
6 அக்டோபர் 2024

அன்பு புஷ்பா,

கண்டதையும் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஜெயிக்கிறாள் அல்லவா? அதைப் பார்.

மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். தோற்ற பள்ளிக்காரர்கள் அவள் வயசை விசாரிக்கிறார்களாம். கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போல நீ செலின் சிலுவைக்கு வெள்ளை அடித்துப் பெயர் எழுதுவாயே, இந்த வருஷம் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். எவனாவது போட்டோ எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு என்கிறார். இந்த ஒரு வருஷம்தானே.

போன வாரம் ஹாஸ்டல் போனில் அவளிடம் பேசினேன். வார்டன் பக்கத்தில் இருந்ததால் செலின் என்றுதான் கூப்பிட்டேன். உடனே “சொல்லுப்பா” என்றாள்.

தனிஸ்லாஸ்

மாதா துணை
நெல்லித்தோப்பு
3 நவம்பர் 2024

ஜெர்லின் அப்பாவுக்கு,

தீபாவளி லீவுக்கு அவள் வந்திருக்கிறாள். நேற்று கல்லறைக்குக் கூடவே வந்தாள். நீங்கள் சொன்னபடி சிலுவைக்கு வெள்ளை மட்டும் அடித்தேன். சாமந்தியும் மெழுகுத்திரியும் வாங்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் கறுப்புப் பெயிண்ட் வாங்கி எழுதி முடித்திருந்தாள். ஜெர்லின் என்று எழுதியிருந்தாள். அவளுடைய பிறந்த தேதியோடு.

என்னடி இது என்றேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

“செலின்தான் ஹாஸ்டல்ல இருக்காளே. அப்ப இங்க இருக்கறது நான்தானம்மா?”

பெயிண்ட் கொடுத்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, பெரியவளும் போய்விட்டாளா என்று என் கையைப் பிடித்தாள். பெரியவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பெயிண்ட் காய்வதற்குள் முந்தானையாலேயே துடைத்தேன். வெள்ளைக்கு மேல் கறை நிற்கிறது. அதன் மேலேயே செலின் என்று பெரிதாக எழுதினேன். எவன் வேண்டுமானாலும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

நாளைக் காலை முனிசிபாலிட்டிக்குப் போகிறேன். இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று அலைய விடுவார்கள். அலைகிறேன். செலின் செத்துவிட்டாள் என்று எழுதி வாங்காமல் வரமாட்டேன். அதன் பிறகு ஜெர்லினை ஹாஸ்டலிலிருந்து துரத்திவிடுவார்கள். மாஸ்டர் நம் முகத்தில் விழிக்க மாட்டார். போட்டிகளில் ஓடவே கூடாது என்று தடை போட்டாலும் போடுவார்கள். ஆனால் தடை பிள்ளைக்கு மட்டும்தான். பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். “அப்ப நான் எங்கம்மா ஓடறது?” என்றாள். உங்களிடம் பதில் இருந்தால் அவளிடம் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் கடிதம் வேண்டாம். போன் செய்யுங்கள், அவள்தான் எடுப்பாள். ஜெர்லின் என்று கூப்பிடுங்கள். அவள் உடனே பேசாவிட்டால் வைத்துவிடாதீர்கள். மறுபடி கூப்பிடுங்கள்.

புஷ்பமேரி