கடைசி வரி நான் எழுதியது

என் எஸ்தர் மதினிக்கு,

முதல் வரியிலேயே உங்கள் பெயரை எழுதிவிட்டேன். நாற்பது பக்கம் எழுதியும் ஓர் இடத்தில்கூட எழுதாமல் விட்ட பெயர் இது.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் எங்கள் கல்லூரி மலர் அச்சுக்குப் போகிறது. போன மலரில் ‘மலைத்தோட்டத்துக் குழந்தைக் கதைகள்’ என்று என் பெயரில் ஒன்று வந்ததே, அதே பக்கங்களில் இந்தக் கடிதம் வர வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். தப்பை நாலு பேர் பார்க்கச் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் காதோடு கேட்டால் அது என்ன நியாயம்?

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மதினி. நீங்கள் என் அண்ணன் மனைவி. பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகப் பத்து வீடு ஒட்டி நிற்கும் லயத்தில் நம் வீடு. அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணனும் நீங்களும். கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகையில் நீங்கள் ஆயா.

எமர்ஜென்சி முடிந்த வருடம் எனக்குப் பொள்ளாச்சிக்கு மேற்கே சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. தமிழ் கிடைத்தது. வீட்டைப் பற்றிக் கேட்ட ஹாஸ்டல் பெண்களிடம் ‘அண்ணனுக்கு எஸ்டேட்டில் வேலை’ என்றேன். ஆபீஸ் வேலை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை இலக்கியம் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொருவரும் தன் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கேட்டு, சொன்ன வாய்மொழியிலேயே எழுதி, யார் சொன்னார் என்ற குறிப்போடு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். நாற்பது பக்கம். ஜனவரிக்குள். மற்றவர்கள் யாரிடம் கேட்பது என்று அலைந்தார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து, நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்ட அட்டைப்பூச்சியின் கதை ஞாபகம் இருக்கிறதா? “அட்ட ஒண்ணு, பள்ளிக்கூடம் போயே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. அதுக்குக் காலே கெடையாதே, எப்பிடி நின்னுச்சுன்னு யாரும் கேக்கப்படாது” என்று நீங்கள் ஆரம்பித்ததுமே பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியார் எழுதச் சொன்னதும், கையில்லாத அட்டை தன் உடம்பையே மடக்கி ‘ட’ என்று நின்றது. பிறகு ‘ப’. பிள்ளைகளும் பாயில் படுத்து ட-வாகவும் ப-வாகவும் மடங்கினார்கள். சிரித்ததில் எனக்கு எழுத்து கோணிக்கொண்டு போனது.

அப்படி ஆறு கதைகள். ஒரு மதியம் மேலிருந்து மஞ்சு இறங்கி வாசலை மூடியது. எதிரே இருந்த தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. நீங்கள் குரலைத் தணித்து ஏழாவது கதையைச் சொன்னீர்கள். அத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட வாசல் பக்கம் திரும்பவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்து, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் சிரித்தீர்கள். ஏழாவதை ஆரம்பித்ததும் கையை நீட்டி என் நோட்டை மூடினீர்கள்.

“மத்ததெல்லாம் எழுதிக்கோ, சீலி. இது மட்டும் வேண்டாம். இது லில்லிக்குச் சொல்லுறது.”

“சரி மதினி” என்றேன். அந்த ‘சரி’யை நான் மறக்கவே முடியாது.

லில்லி உங்கள் மகள். நீங்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த காலம். நாலு வயதுப் பிள்ளை, மஞ்சு மூடிய ஒரு நாள், அப்போதிருந்த ஆயா கண்ணயர்ந்த நேரத்தில் உங்களைத் தேடிக் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ஓடையில்தான் கண்டெடுத்தார்கள். சில மாதம் கழித்து நீங்கள் கூடையைப் போட்டுவிட்டு அதே கொட்டகையில் ஆயா வேலை கேட்டீர்கள். அங்கே எப்படி உன்னால் உட்கார முடியும் என்று லயமே கேட்டது. எந்தப் பிள்ளை வாசலைப் பார்க்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்று நீங்கள் சொன்னதாக அண்ணன் சொல்லியிருக்கிறது. மஞ்சு மூடும் நேரத்தில் பிள்ளைகளின் கண் வாசலுக்குப் போகாமல் இருக்கத்தான் அந்தக் கதை பிறந்தது. அதை இங்கேயும் நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் அன்றைக்குச் சொன்னேன். கட்டுரையின் முதல் பிரதியைப் பார்த்த பேராசிரியர், எல்லாம் வேடிக்கையாகவே இருக்கிறதே, மனதைத் தொடுகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். மறுநாள் ஏழாவது கதையை எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கதை அருமை, ஆனால் அந்தரத்தில் நிற்கிறது, பிள்ளைகளுக்கான கதை என்றால் முடிவில் ஒரு நீதி வேண்டாமா என்றார்.

ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த நீதியை எழுதினேன். ‘அன்னை சொல் கேளாப் பிள்ளை அல்லல் உறும் என்பதை நாம் அறிவோமாக.’ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை மதினி. லில்லியின் முகம் மனதுக்குள் வந்ததா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வரவில்லை. மார்க்தான் வந்தது.

உங்கள் பேச்சையும் விட்டுவைக்கவில்லை. ஒத்தக் காலில் நின்ற அட்டை, ‘கல்வி கற்க விழைந்தது’. சொன்னவர் என்ற இடத்தில் ‘ஒரு தோட்டத் தொழிலாளி’ என்று போட்டேன். பெயர் போட்டால், யார் அது, உனக்கு என்ன உறவு என்று கேட்பார்களே என்ற பயம்.

என்னோடு படிக்கும் பொன்னுத்தாயி எருத்தேன்பதிக்காரி. அப்பா நிலக்கடலை விவசாயம். தன் அத்தை சொன்ன கதைகளை அத்தையின் பேச்சிலேயே எழுதி, பெயரும் போட்டு, பக்கமெல்லாம் சிவப்பு மையில் திருத்தம் வாங்கியவள். என் கட்டுரையைப் படித்துவிட்டு, “ஏம் புள்ள, தோட்டத் தொழிலாளின்னு போட்டிருக்கறயே, அவங்களுக்குப் பேரு இல்லியா?” என்றாள். ஆய்வில் அப்படித்தான் போடுவது வழக்கம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

மே மாத லீவுக்கு வரும்போது மலரைப் பெட்டிக்கு அடியில், பாவாடைகளுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் பெட்டியைத் தூக்கியது. பழைய பூட்டு விட்டுக்கொண்டு எல்லாம் ரோட்டில் கொட்டியது. புத்தகத்தை எடுத்துப் புரட்டிய அண்ணனுக்கு என் பெயர் கண்ணில் பட்டது. சீலி பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டது.

வேலை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அண்ணன், ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசிக்கத் தொடங்கியது. நீங்கள் ஓரமாக உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அட்டைக் கதையைக் கேட்டு, “நான் இம்புட்டு அழகாவா சொன்னேன்?” என்று சிரித்தீர்கள். எழுந்து போய்ப் புத்தகத்தைப் பிடுங்க எனக்கு நேரம் இருந்தது. ஆறு கதை நேரம் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

ஏழாவதை நாலைந்து வரி வாசித்ததுமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. குரல் மாறியது. சுற்றிலும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் நிறுத்தத் தெரியாமல் வாசித்துக்கொண்டே போனது. கடைசி வரியில் பாதியோடு நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் முடிச்சிரு தம்பி என்றார். முடித்தது.

நீங்கள் சுளகைக் கீழே வைத்தீர்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

“அவ சொல்பேச்சு கேக்காத பிள்ள இல்ல, சீலி. என்னத் தேடித்தான் வந்தா.”

அவ்வளவுதான். திட்டவில்லை. அழவில்லை. சோறு வடித்து முதல் தட்டை எனக்குத்தான் வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன் மதினி. ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த லீவு முழுக்க வீட்டில் இருந்தேன். எனக்குத் தலை வாரிவிட்டீர்கள், பேன் பார்த்தீர்கள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்து, வார்த்தை பல் வரைக்கும் வந்து திரும்பிப் போகும். நாளைக்குச் சொல்லலாம், ஊருக்குக் கிளம்பும்போது சொல்லலாம். கிளம்பும்போது பஸ் வந்துவிட்டது. அந்த லீவில் ஒரு மதியம் கொட்டகைப் பக்கம் வந்தேன். மஞ்சு இறங்கியிருந்தது. உள்ளே கதைச் சத்தம் இல்லை. நீங்கள் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா?

மழைக்காலத்தில் தந்தி வந்தது. உங்களுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக வந்த என்னை, மறையூர் தாண்டி ஒரு மண்சரிவு இரண்டு நாள் நிறுத்தி வைத்தது. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு உங்கள் நோயைப் பற்றியது அல்ல.

“நான் அத வாசிச்சிருக்கக் கூடாதும்மா. பாதியிலயே மூடி வச்சிருக்கணும். என் வாயால கேட்டுட்டா.”

நீங்கள் எழுத வேண்டாம் என்று என்னிடம் சொன்னது அண்ணனுக்குத் தெரியாது. நீங்கள் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஏதோ தெரியாமல் தங்கச்சி எழுதிவிட்டது, அதைத் தான்தான் வாசித்துத் தொலைத்தோம் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கதையை எழுதியது ஒரு பாவம் என்றால், அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது அதைவிடப் பெரியது.

கல்லூரிக்குத் திரும்பியதும் பேராசிரியரிடம் போய் முழுவதையும் சொன்னேன். மார்க் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று, இனி ஒன்றும் மாற்ற முடியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்றார். நான் அங்கேயே நின்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “நீதி வேண்டும் என்று கேட்டது நான்தானம்மா” என்றார். பிறகு, மார்க்குக்காக இல்லாமல் மறுபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

மூன்று மாதம் ஆனது. பழைய நோட்டை வைத்துக்கொண்டு, உங்கள் குரலைக் காதில் வரவழைத்து எழுதினேன். பொன்னுத்தாயியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். லயத்தில் ஒரு அறை வீடு என்பதையும் சொன்னேன். அவள் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கேயாவது ‘விழைந்தது’ மாதிரி ஒன்று வந்துவிட்டால், “உங்க மதினி இப்பிடியா பேசுவாங்க?” என்று கேட்பாள். அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

போன வாரம் முடித்துவிட்டேன். ஆறு கதைகள்தான். முதல் பக்கத்தில் ‘சொன்னவர்: எஸ்தர், பிள்ளைக் கொட்டகை ஆயா, என் அண்ணன் மனைவி’ என்று இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு: ‘ஏழாவது கதையை எழுத வேண்டாம் என்று சொன்னவர் கேட்டுக்கொண்டார். மலரில் வந்த அதன் கடைசி வரி அவருடையது அல்ல, என்னுடையது, அது பொய்.’ பேராசிரியர் படித்துக் கையெழுத்துப் போட்டு நூலகத்தில் வைத்திருக்கிறார். மலரின் பிரதிகள் எத்தனையோ வீடுகளில் கிடக்கும். அவற்றை நான் என்ன செய்ய முடியும், மதினி?

இந்தக் கடிதத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் ஊருக்கு வருகிறேன். இதை முதலில் அண்ணன் கேட்க வேண்டும். அண்ணன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன். எதிரே உட்கார்ந்து, நீங்கள் நோட்டை மூடியதையும் நான் ‘சரி’ என்றதையும் என் வாயாலேயே வாசிப்பேன். கேட்டுவிட்டு, வெளியே போ என்று அண்ணன் சொன்னால் போவேன். ஆனால் அண்ணன் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கும் பழியை அன்றோடு இறக்கி வைக்காமல் போக மாட்டேன். இது உங்களுக்கு நான் சொல்லும் இரண்டாவது ‘சரி’. இதை மீற மாட்டேன்.

லில்லியின் அத்தை,
உங்கள் நாத்தனார்
ஜெயசீலி