நான் பார்க்காத அரை மீட்டர்

அன்பு மகள் ராக்னில்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னவரும் அப்படியே இருக்க வேண்டும். ஆறாம் மாதம் நடக்கிறது, கம்பளி மூட்டையைத் தூக்குகிற வேலையெல்லாம் இனி மாப்பிள்ளை பார்க்கட்டும், நியூசிலாந்தில் அவருக்கும் இரண்டு கைதானே. உன் போர்கில்ட் அத்தை பத்திரிகையைக் கத்தரித்து உனக்கு இந்நேரம் அனுப்பியிருப்பாள், அவளுக்கு அதைவிட வேறென்ன வேலை. அவள் எழுதியதைப் படித்துவிட்டு நீ கலங்குவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அதில் பாதி அத்தைக்கே தெரியாது.

சனிக்கிழமை ஸ்கீ தாவலில் ஆண்கள் அணிப் போட்டி. உலகப் போட்டி நம் ஊர்க் குன்றில் நடப்பதே பெரிது, அதிலும் நம் அணி நால்வரில் ஒருவனாக உன் தம்பி ஏவிந்த், அதிலும் கடைசியாகத் தாவுகிறவன் அவன். அம்மா காலை ஐந்து மணிக்கே வாஃபிள் அப்பம் சுட ஆரம்பித்து ஒரு படையே சாப்பிடுகிற அளவுக்குச் சுட்டுவிட்டாள். நான் வழக்கம்போல இறங்குசரிவின் ஓரம், தாவுகிறவன் கால் எங்கே பட்டது என்று கண்ணால் பார்த்துக் கை தூக்கிச் சொல்கிற அளவுக்காரர்கள் வரிசையில் நின்றேன். இந்த முறை நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பதின்மூன்று மீட்டர் வரை என் பங்கு. எனக்கு மேலே நம் ஹால்வார், கீழே பால்பண்ணைக்காரர். மகன் தாவும்போது அப்பா அளப்பதாவது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டாராம், நம் சங்கத்தில் யாருக்கு யார் உறவில்லை, அப்படிப் பார்த்தால் சரிவில் ஒருத்தனும் நிற்க முடியாது. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினொன்று, காற்றே இல்லை, நல்ல நாள்.

கடைசித் தாவல் வரும்போது கணக்கு இதுதான்: முதல் இரண்டு இடமும் முடிந்துபோயிற்று, வெண்கலத்துக்கு ஆஸ்திரியாக்காரர்களும் நாமும் மட்டும், மீதி இருப்பது ஏவிந்த் ஒருவன். தாவுமேடையை விட்டுக் கிளம்பினான், கூட்டம் மொத்தமும் ஓவென்று கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்கீ பனியில் தட்டுகிற சத்தம் என் காலடியிலேயே கேட்டது. திறந்து பார்த்தால் அவன் அடிவாரத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறான், ஹால்வார் கை தூக்கவில்லை, பால்பண்ணைக்காரரும் தூக்கவில்லை, இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். என் பங்கில்தான் இறங்கியிருக்கிறான், மகளே. அவன் கால் எங்கே பட்டது என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான், எனக்குத் தெரியாது.

எண் பலகை காலியாக நிற்கிறது. ஹால்வார் வாயைக் கோணி, டேய், கையத் தூக்குடா, பன்னண்டரைன்னு சொல்லித் தொலை, யாரு வந்து கேக்கப் போறான் என்றான். நீ பாத்தியாடா என்று கேட்டேன். அந்தப் பக்கம்னு தெரியும், சரியா எங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன் என்றான். சொல்லியிருக்கலாம். கை பாதி மேலே போனதும் உண்மை. அந்தக் கையை இறக்கி, தலைமை அளவுக்காரர் படி ஏறி வந்ததும், நான் பாக்கலை என்று சொல்லிவிட்டேன். பாக்கலைன்னா என்னய்யா அர்த்தம், பூசணிக்காயா எண்ணிட்டிருந்தே என்று கேட்டார். காலையிலிருந்து எத்தனையோ பேர் இறங்கிய பனியில் தடத்தை எங்கே தேடுவது. யார் பங்கு என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை, ஆகவே அந்தப் பங்கின் குறைந்த அளவு என்று முடிவு செய்து நூற்றுப் பன்னிரண்டு போட்டார்கள். அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றோம். அரை மீட்டர் கூடுதல் இருந்தால் வெண்கலம்.

நான் பொய் சொல்லவில்லை என்று ஊரில் சிலர் தோளைத் தட்டினார்கள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. நால்வரில் மூத்தவனுக்கு முப்பத்து மூன்று வயது, அவனுக்கு இதுதான் கடைசிப் போட்டி, ஒரு பதக்கமும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறான். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். உன் அம்மாவோ, அது கண்ணா இல்ல சட்டைப் பொத்தானா, அந்த எடத்த எனக்குக் குடுத்திருந்தா நான் நின்னிருப்பேனே என்றாள்.

மறுநாள் மதியம் ஏவிந்த் வந்தான். போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரே ஒரு கேள்வி, ஏம்பா கண்ண மூடினீங்க என்றான். அவனிடம் மறைக்க மனம் வரவில்லை. அவன் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்துச் சின்னக் குன்றில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டானே, அவன் ஸ்கீயை நீதானே வீடுவரை சுமந்து வந்தாய், அன்றிலிருந்து அவன் இறங்குவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில்கூட. மற்றவர்கள் இறங்கும்போது இமை அசையாது, அவன் மேடையை விட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். இத்தனை வருஷமும் அவன் என் பங்கில் இறங்காததால் தப்பித்தேன். அவன், அப்ப நல்லா எறங்குனேடான்னு ஒவ்வொரு தடவையும் சொன்னீங்களே என்றான். அந்தக் கேள்வி பதக்கம் போனதைவிட வலித்தது. அம்மாவைக் கேட்டுச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன்.

கெளம்புங்க என்றான். நேரே அதே சின்னக் குன்றுக்குக் கூட்டிப்போனான், உலகப் போட்டிக்குத் தாவுகிற ஆறடி ஆள், குழந்தைகளின் மேடையில் ஏறி நிற்கிறான். முதல் தடவை மூடிக்கொண்டேன், மூடிட்டீங்க என்று கீழேயிருந்து கத்தினான். இரண்டாவது, மூன்றாவது, அப்படியேதான். திட்டிக்கொண்டே மறுபடி ஏறினான். அதற்குள் அம்மா காபிக் குடுவையோடு வந்து சேர்ந்தாள், பக்கத்தில் நின்று என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவன் விழ மாட்டான், நான் பாத்திருக்கேன் என்றாள். ஐந்தாவது தடவை பார்த்தேன், ராக்னில்ட். ஒரு கால் முன்னே, ஒரு முழங்கால் மடிந்து, இரண்டு கையும் விரித்து, எவ்வளவு மெதுவாக இறங்குகிறான் தெரியுமா. இந்தப் பிள்ளை பதின்மூன்று வருஷமாக இப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அழுதுகொண்டே கையைத் தூக்கி முப்பத்தொன்றரை மீட்டர் என்று கத்தினேன். என்னது, முப்பத்திரண்டு, மறுபடியும் அரை மீட்டரா என்று அவன் சண்டைக்கு வந்துவிட்டான், இருட்டும்வரை அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு அதே சண்டை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி என்றும் உண்டு, பிரசவம் நல்லபடியாக ஆகட்டும். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. தம்பிக்கு இரண்டு வரி எழுது, பதக்கப் பேச்சை மட்டும் எடுக்காதே. அவன் உனக்கு முப்பத்திரண்டு என்றுதான் எழுதுவான், நம்பிவிடாதே. முப்பத்தொன்றரைதான். நான் பார்த்தேன்.

உன் அன்பு அப்பா,
அஸ்பியோர்ன்